பப்மெட்: பேப்பர் பிரசன்டேஷனுக்குத் தயாராகிறவர்களுக்கு

நோயெதிர்ப்பியல் வகுப்பில் சமீபத்திய ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து 20 நிமிடம் பேச வேண்டும். எனக்கு வந்தது ட்ரெக் செல்கள், அதாவது நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் டி செல்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) பற்றிய ஒன்று. அறிமுகப் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். வரிக்கு வரி பழைய கட்டுரைகளைச் சுட்டும் மேற்கோள் எண்கள், அதையெல்லாம் ஏற்கெனவே படித்தவர்களுக்கு மட்டும் எழுதியது மாதிரி. சுருக்கித் தரும் ஏஐ கருவி ஒன்றில் போட்டேன், எலியில் செய்த சோதனையை மனிதர்களில் நிரூபித்ததாக எழுதித் தந்தது. அதை அப்படியே ஸ்லைடில் போட்டிருந்தால் முதல் கேள்விக்கே பதில் இருந்திருக்காது.

அப்புறம்தான் பப்மெட்டை ஒழுங்காகப் பயன்படுத்த ஆரம்பித்தேன். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் தேடுதளம், இலவசம், தேடுவதற்கு லாகின்கூட வேண்டாம். பலர் சுருக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள், ஆனால் விஷயமே அந்தப் பக்கத்தின் கீழே இருக்கிறது: ஒத்த கட்டுரைகள், இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவை, பல கட்டுரைகளுக்கு இது மேற்கோள் காட்டியவையும். அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனதில் 1995இல் ஜப்பானிய விஞ்ஞானி சகாகுச்சியின் குழு எழுதிய கட்டுரைக்கு வந்து சேர்ந்தேன். சிடி25 என்ற புரதம் மேற்பரப்பில் உள்ள செல்களை மட்டும் நீக்கிவிட்டு மிச்ச டி செல்களை, அவை முதிரும் உறுப்பான தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்துகிறார்கள். உடல் தன்னையே தாக்கும் நோய்கள் வருகின்றன. நீக்கிய செல்களை, அதாவது ட்ரெக் செல்கள் அடங்கிய பகுதியை, சீக்கிரமே திருப்பிக் கொடுத்தால் வருவதில்லை. எவ்வளவு தெளிவான சோதனை! 2001இல் பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் பிறவியிலேயே இப்படித் தன்னைத் தாக்கும் நோய் வரும் ஸ்கர்ஃபி எலிகளில் அதற்குக் காரணமான ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தது, 2003இல் அந்த மரபணுவே ட்ரெக் செல்களை உருவாக்குகிறது என்று தெரிந்தது, சகாகுச்சியையும் சேர்த்து மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது, எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. என் முதல் ஸ்லைடு அந்த 1995 சோதனைதான். அதைச் சொன்ன பிறகு புதிய கட்டுரை எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்பது வகுப்புக்குத் தானாகவே புரிந்தது.

குறைகளும் உண்டு. பப்மெட்டில் இருப்பது பெரும்பாலும் சுருக்கம்தான், முழுக் கட்டுரைக்கு, அவற்றை இலவசமாக வைத்திருக்கும் பிஎம்சி தளத்துக்கோ பதிப்பாளர் தளத்துக்கோ போக வேண்டும், அங்கே பணம் கேட்டால் நூலகம்தான் வழி. இலவச முழுக் கட்டுரை என்ற வடிகட்டியைப் போட்டால் அலைச்சல் குறையும், ஆனால் முக்கியமான பழைய கட்டுரைகள் சில அதில் விழாமல் போகும், கவனம். செல்களை அவற்றிலுள்ள புரதங்களை வைத்து அடையாளம் காணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையின் படங்களைப் புரிந்துகொள்ளவும் இங்கே உதவி கிடைக்காது. எந்தச் செல்களை எப்படிப் பிரித்தார்கள் என்று செய்முறைப் பகுதியோடு உட்கார்ந்து நாமேதான் பார்க்க வேண்டும், எனக்கு இரண்டு நாள் ஆனது.

5க்கு 4 கொடுப்பேன். பேசப் போகும் முந்தின நாள் உங்கள் கட்டுரையின் பப்மெட் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள், திருத்தமோ திரும்பப் பெற்ற அறிவிப்போ வந்திருந்தால் அங்கேயே காட்டும்.