வாகெனிங்கனில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு: என் மதிப்பீடு

நெதர்லாந்தில் மேற்படிப்புக்குச் செல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் டெல்ஃப்ட், ஆம்ஸ்டர்டாம், லைடன் ஆகிய பெயர்களைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். வேளாண்மை, நீர், உணவு, சுற்றுச்சூழல் ஆகியவற்றுள் ஒன்று உங்கள் துறையானால், ரயில் நிலையம்கூட இல்லாத, அடுத்த ஊரான ஏடேயில் இறங்கிப் பேருந்தில் போய்ச் சேரவேண்டிய வாகெனிங்கனை முதலில் பாருங்கள் என்பேன். 1918இல் வேளாண் உயர்கல்விக்கூடமாகத் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் நில, நீர் மேலாண்மை படித்தேன்.

படிப்பு மொத்தம் 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 28 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. அது ஏட்டளவில் நின்றுவிடும் கணக்கு அல்ல. எட்டு வாரப் பருவமொன்றில் காலையில் ஒரு பாடம், பிற்பகலில் ஒரு பாடம் என இரண்டே பாடங்கள் நடக்கும், எட்டாம் வாரத்தில் தேர்வு வந்துவிடும். செமஸ்டர் முடிவில் இரண்டு வாரம் கண்விழித்துப் படித்தே தேறிப் பழகியிருந்த எனக்கு முதல் பருவம் மிகவும் கடினமாக இருந்தது. ஆனாலும் ஆறு பாடங்களை ஒரே சமயத்தில் சுமக்க வேண்டியிராததால், எடுத்துக்கொண்ட பாடத்துக்குள் முழுமையாக இறங்க முடிந்தது. மதிப்பெண் பத்துக்குத்தான், 6 வந்தால் தேர்ச்சி, 8 வந்தால் மிக நன்று, 10 அரிதிலும் அரிது. எனக்கு ஏழரை கிடைத்ததைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா வருத்தப்பட்டார். வகுப்பில் அது பாராட்டத்தக்க மதிப்பெண்.

நான் மிகவும் மதிப்பது ஆசிரியர்கள் நடந்துகொள்ளும் முறையை. அவர்களைப் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும். எனக்கு அது நாவில் வரவே ஒரு மாதம் ஆயிற்று. பாசன மேலாண்மை வகுப்பில், எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் மடை திறந்து முறை வைத்துத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சியைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் பென்சிலால், “இதை நீயே பார்த்தாயா, யாரேனும் சொன்னார்களா? கடைமடைக்காரர் என்ன சொல்வார்?” என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு கேள்விகளையும் தொடர்ந்து போனதில்தான் பின்னர் என் ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கிடைத்தது. வெளியிலுள்ள ஓர் அமைப்பு உண்மையாகவே கேட்டிருக்கும் கேள்விக்கு மாணவர் குழுவாக விடை தேடித் தரும் ஆலோசனைப் பயிற்சியும் அங்கு உண்டு. உன் பகுதி இன்னும் சரியாக வரவில்லை என்று சக மாணவர் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுவார். அதில் பகை எதுவும் இல்லை என்று புரிந்துகொள்ளச் சில வாரங்கள் பிடித்தன.

செலவைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். 2024–25இல் ஐரோப்பிய ஒன்றிய மாணவர்களுக்குச் சட்டப்படியான கட்டணம் 2,530 யூரோவாக இருந்தது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் நம்மைப் போன்றவர்களுக்கு அப்போது முதுநிலைக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 20,000 யூரோவாக இருந்தது. பகுதிநேர வேலையை நம்பி இந்தத் தொகைக்குக் கணக்குப் போடக் கூடாது. வேலை தருபவர் நமக்காக அனுமதி வாங்க வேண்டும், அதன் பிறகும் வாரத்துக்கு 16 மணி நேரமே வேலை செய்யலாம். அல்லது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் முழுநேரம் செய்யலாம். படிப்பை முடித்தபின் வேலை தேடுவதற்கென்று ஓராண்டு தங்கும் அனுமதி கிடைப்பது பெரிய ஆறுதல். வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடந்தாலும், அந்த ஓராண்டில் டச்சு மொழி தெரியாதவர்களுக்குப் பல கதவுகள் திறப்பதில்லை.

விசா விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகமே நம் சார்பில் குடிவரவுத் துறைக்கு அனுப்பிவிடுவதால் அதில் அலைச்சல் குறைவு. அறைக்குத்தான் படாதபாடு பட வேண்டும். நாடு முழுவதும் வீட்டுத் தட்டுப்பாடு நிலவுகிறது. ஆம்ஸ்டர்டாமைவிட வாகெனிங்கன் பரவாயில்லை என்றாலும் அங்கும் காத்திருக்க வேண்டும். இணைய விளம்பரத்தில் பார்த்த ஒருவருக்கு ஊரிலிருந்தே முன்பணம் அனுப்பினேன். சாவி வாங்கப் போனபோது அந்த முகவரியில் அப்படி ஓர் அறையே இல்லை. முதல் மூன்று வாரங்கள் ஒரு தோழியின் அறையில் தரையில் படுத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்தால்தான் குடிமக்கள் சேவை எண் வரும். அந்த எண் இல்லாமல் அன்றாடக் காரியங்கள் பல நடக்காது. எனவே பதிவு செய்ய இடம் தராத அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே, விமானச் சீட்டை நினைப்பதற்கு முன், மாணவர் குடியிருப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.