ஆங்கிலச் சொல் சேர்க்க நோட்டா, அட்டைப் பெட்டியா, ஆங்கி செயலியா?

நடுவே கோடு போட்ட நோட்டு. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். பெரும்பாலோர் தொடங்குவது இப்படித்தான். செலவில்லை, ஆனால் பலன் குறைவு. பொருள் கண்ணெதிரே இருப்பதால் நினைவைத் தோண்ட வேண்டியதே இல்லை. கையால் மறைத்துக்கொண்டு படித்தாலும் வரிசை மனப்பாடமாகி, மேலே உள்ள சொல் கீழே உள்ளதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பயன்பாட்டில் வரும் பிழை இன்னும் மோசம். ‘டிஸ்கஸ் – விவாதி’ என்று மட்டும் எழுதிவைத்தவர், ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று தமிழில் நினைத்து ‘டிஸ்கஸ்ட் அபௌட் இட்’ என்பார். டிஸ்கஸுக்குப் பின் அபௌட் வராது. தமிழின் ‘பற்றி’தான் அங்கே ஒட்டிக்கொள்கிறது.

அட்டையில் இதைத் தடுக்கலாம். முன்பக்கம் ‘வீ ____ த ப்ராப்ளம்’, அடியில் ‘விவாதித்தோம்’. பின்பக்கம் முழு வாக்கியம். ஒரு அட்டைக்கு ஒரு சொல், ஒரே பொருள். ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறைப்படி, பழைய செருப்புப் பெட்டியை 5 அறையாகத் தடுத்து, புது அட்டையை முதல் அறையில் போட்டு, அறைகளை முறையே 1, 2, 4, 8, 16 நாளுக்கு ஒருமுறை பாருங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த அறை. தவறினால், ஐந்தாம் அறையில் இருந்தாலும், மீண்டும் முதல் அறை. 300, 400 அட்டைவரை இதுவே போதும். கையால் எழுதுவதில் ஸ்பெல்லிங்கும் பதியும்.

அதற்கு மேல் போனால், இதே அட்டைகளைத் திரையில் காட்டும் ஆங்கி செயலிதான். எந்த அட்டை எப்போது வர வேண்டும் என்று அதுவே கணக்கிடும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. பலர் தடுக்கி விழுவது ‘ஹார்ட்’ (கடினம்) பொத்தானில். மறந்த சொல்லுக்கு அதை அழுத்தினால், சிரமப்பட்டு நினைவு வந்தது என்றே செயலி எடுத்துக்கொண்டு இடைவெளியைக் கூட்டிவிடும். மறந்தால் ‘அகெய்ன்’ (மறுபடி) மட்டுமே.

யாரோ தொகுத்த அரிய சொற்களின் அட்டைத் தொகுப்பை ஆங்கியில் பதிவிறக்காதீர்கள். செய்தி வாசிக்கவே தடுமாறுபவருக்கு 2013இல் வந்த, அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலான ‘நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்’டின் ஏறக்குறைய 2,800 சொற்கள் முதலில். கல்லூரிப் பாடநூல் படிப்பவருக்கு மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட 570 கல்விச் சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் தொகுதிகள்).

ஆங்கி தானாகத் தரும் நாளுக்கு 20 புதுச் சொல்லை 8 ஆக்குங்கள். இல்லாவிட்டால் சில வாரங்களில் தினசரித் திருப்புதல் நூறைத் தாண்டும். பலர் கைவிடுவது அங்கேதான். நாலு நாள் விட்டுப்போயிருந்தால் புதுச் சொல்லைப் பூஜ்யமாக்கி, பாக்கி தீர்ந்த பிறகே மறுபடி 8 வையுங்கள்.