‘சமர்ப்பிக்கவும்’ பொத்தானும் அத்தையின் கட்டைவிரலும்: இரண்டரை வருட வடிவமைப்புப் படிப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் அண்ணனுக்கு ஒரு சின்ன அச்சுக்கடை. பேனர், கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், இவ்வளவுதான். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் கோயில் வேலைதான் பாதி வருமானம். கடையில் கணினிப் பக்கம் நான் உட்கார ஆரம்பித்தபோது, சும்மா தட்டிக்கொண்டிருக்காமல் எழுத்தமைப்பையும் (எழுத்துகளைப் படிக்க வசதியாக அடுக்குவது) ஊடாட்ட வடிவமைப்பையும் (ஆள் தொட்டுப் பயன்படுத்தும் திரைகளை அமைப்பது) முறையாகப் படிக்கலாம் என்று இறங்கினேன். சான்றிதழ் தரும் இணையப் பாடம் ஒன்று, இலவசக் காணொளிகள், திரைகளை வரைந்து பார்க்கும் ஃபிக்மா மென்பொருள். முதல் மாதமே எழுதியிருந்தால் ‘அருமை, எல்லாரும் சேருங்கள்’ என்று எழுதியிருப்பேன். இரண்டரை வருடம் ஆகிவிட்டதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பாடத்தின் எழுத்துப் பகுதி முழுக்க ஆங்கில எழுத்துக்கானது. தலைப்பைப் பெரிய எழுத்தில் (கேபிடல்) போடு, முக்கியமான சொல்லைச் சாய்த்துப் போடு என்பார்கள். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. சாய்வெழுத்து மரபும் இல்லை. எடுத்துக்காட்ட மிஞ்சுவது அளவு, தடிமன், வெற்றிடம். தடிமனையும் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். ரொம்பத் தடிமனான எழுத்துருவில் ‘ஞ’, ‘ணூ’ இரண்டும் உள்ளே அடைத்துக்கொண்டு, தூரத்தில் கறுப்புப் பொட்டாகத் தெரியும். வரியிடைவெளியும் அப்படித்தான். பல மென்பொருள்கள் தானாக வைப்பது எழுத்தளவில் 120 விழுக்காடு. அதில் மேல் வரியின் ‘மு’வின் வாலும் கீழ் வரியின் ‘மீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளும். நான் இப்போது 160-இல் தொடங்கித்தான் குறைத்துப் பார்க்கிறேன். இதை எந்தப் பாடமும் சொல்லவில்லை, பத்திரிகை அச்சடித்துத்தான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய செலவு ஒரு திருவிழா பேனர். கோயில் தலைவர் வாசகத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினார். என் கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. கோப்பைப் பெரிய அளவில் அச்சடிக்கும் வெளியூர்க் கடைக்கு அனுப்பினேன். அவர்கள் திறந்த கணினியில் ‘தேர்த் திருவிழா’ என்பதில் இரட்டைக்கொம்பு ‘த’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுகொண்டது. மூன்று பேனர், மூன்றும் குப்பை. காரணம் பிறகுதான் புரிந்தது. கணினிகளில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. சில வரைகலை மென்பொருளில் பத்தி அமைப்புக்குள் போய்த் தெற்காசிய எழுத்துக்கான கம்போசரை (எழுத்துகளை வரிசைப்படுத்தி அடுக்கும் வசதி) தேர்ந்தெடுத்தால்தான் அது நடக்கும். அதிலிருந்து, அச்சுக்குப் போகும் கோப்பில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் வரைவடிவமாக, மாற்றாமல் அனுப்புவதில்லை.

எழுத்துருக்களில் நிலைத்தவை சில. அன்றாட வேலைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். தலைப்புக்குப் பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன். நீளமான சொல் குறுகிய இடத்தில் அடங்க வேண்டுமென்றால் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனத்தின் அனேக் தமிழ். அகலத்தையே கூட்டிக் குறைக்கலாம், எழுத்து நசுங்காது. எல்லாம் இலவசம். பாடத்தில் அச்சுக்கலை முன்னோடி கூட்டன்பர்க், ஹெல்வெட்டிகா எழுத்துரு எல்லாம் வந்தது. 1985-இல் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கி, ஆப்பிள் கணினிகளில் வரும் இணைமதி எழுத்துருவையும் செய்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அவர் பெயரைப் பாடத்தில் எதிர்பார்த்தது என் தப்பு.

நிறம் பற்றிய பகுதி முழுசாக உதவியது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி மாறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் கணக்கு. கோயில் பேனரின் சிவப்பில் மஞ்சளை அளந்தேன்: 3.7. பேனருக்குச் சரி, அதே நிறத்தில் கைப்பேசித் திரையில் சின்ன எழுத்துப் போட்டால் தேறாது. ‘மங்கலமாக இருக்கிறதே’ என்று கேட்கும் தலைவருக்கு இந்த எண்ணைச் சொல்லிப் பயனில்லை. வெயிலில் கைப்பேசியைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்.

ஊடாட்ட வடிவமைப்புக்கு வருவோம். கோயிலுக்கு அர்ச்சனை முன்பதிவுத் திரை ஒன்றை ஃபிக்மாவில் மாதிரியாகச் செய்தேன். மலாயில் பொத்தானுக்கு ‘ஹந்தார்’ (அனுப்பு), அழகாக அடங்கியது. தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’, அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கி அடைத்தேன். முப்பது வருடம் பால்மரம் சீவிய அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, “மருமவனே, சாமிக்குத்தானே சமர்ப்பிப்பாங்க? இங்க என்னா பண்ணணும்?” என்றார். ‘அனுப்பு’ என்று மாற்றினேன். இடமும் மிச்சம்.

ஆனால் அவர் அழுத்தும் விதம்தான் எனக்குப் பாடம். நாம் விரல் நுனியால் தட்டி எடுத்துவிடுவோம். அத்தை கட்டைவிரலின் அடிப்பகுதியை வைத்து, அழைப்பு மணியை அழுத்துவதுபோல அழுத்திப் பிடிக்கிறார். கைப்பேசி அதிர்கிறது, வேறு எதையோ திறக்கிறது. இலக்கு சிறியதாகவும் தூரமாகவும் இருந்தால் எட்ட நேரமாகும் என்று பால் ஃபிட்ஸ் 1954-இல் சொன்னதைப் படித்து மனப்பாடம் செய்திருந்தேன். பொத்தானின் குறைந்தபட்ச அளவாக ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் 48 டிபி (திரை அளவைக் கணக்கிடும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர், அத்தைக்குப் போதவில்லை. பொத்தானைத் திரையின் முழு அகலத்துக்கும் நீட்டினேன். அப்புறம், அழுத்தியதும் ஒன்றும் மாறாததால் மூன்று முறை அழுத்தினார். நிஜப் படிவமாக இருந்திருந்தால் மூன்று அர்ச்சனை பதிவாகியிருக்கும். என்ன நடக்கிறது என்பதைத் திரை காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பயன்பாட்டு எளிமை நிபுணர் யாக்கப் நீல்சனின் பத்து விதிகளில் முதலாவது. தேர்வில் அதற்குச் சரியாக விடை எழுதியவன்தான் நான்.

ஐந்து பேரிடம் சோதித்தால் பெரும்பாலான குறை தெரிந்துவிடும் என்பதும் நீல்சன் சொன்னதே. ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) இன்னும் நாலு பேரிடம் கொடுத்துப் பார்த்தேன்; உண்மைதான், நாலாவது ஆளிடம் புதிதாக ஒன்றும் வரவில்லை.

சான்றிதழுக்கான மாதச் சந்தாவை எட்டாம் மாதம் நிறுத்திவிட்டேன். இந்தப் பட்டணத்தில் அதைக் கேட்டவர் இதுவரை யாருமில்லை. ஈப்போ, கோலாலம்பூர் பக்கம் வேலை தேடுபவர் முடித்துவிடுவது நல்லது. கடை வேலைக்கு என்றால் இலவசப் பாடமும் ஒரு பழைய அச்சு எந்திரமும் போதும்.

இப்போது கையில் இருக்கும் தலைவலி வேறு. அத்தை கைப்பேசியில் எழுத்தளவை உச்சத்தில் வைத்திருக்கிறார். அதே அளவை மாதிரித் திரையில் போட்டுப் பார்த்தேன். ‘அனுப்பு’ திரைக்குக் கீழே போய்விட்டது, தள்ளிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இந்த வாரம் அதைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.