கிரேட் சர்க்கிள் மேப்பர்: தூரத்துக்கு நம்பலாம், நேரத்துக்குப் போதாது

விமானத் தூரம் சொல்லும் இணையதளங்கள் ஏராளம். அவற்றில் கணக்குச் சுத்தமானது கிரேட் சர்க்கிள் மேப்பர். விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துக் கணக்கிடுவது இதன் பெரிய பலம். லண்டன் என்று மட்டும் கொடுத்தால் ஹீத்ரோவா, கேட்விக்கா, ஸ்டான்ஸ்டெட்டா என்று எப்படித் தெரியும்?

எல்எச்ஆர், ஜேஎஃப்கே என இரண்டு குறியீடுகளை நடுவில் சிறுகோடு போட்டுக் கொடுத்தால் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்குக்குத் தூரமும் வரைபடமும் வரும். நடுவில் விமானம் மாறுவதென்றால் அந்த ஊரின் குறியீட்டையும் இடையில் கோர்த்துவிடலாம். அலகை மட்டும் கவனியுங்கள். கடல்மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ. ஒன்றை மற்றதென்று எடுத்தால் கணக்கு ஏறக்குறைய 15 சதவீதம் பிசகும்.

பூமி துருவங்களில் சற்றுத் தட்டை என்பதையும் இது கணக்கில் சேர்க்கிறது. 6,371 கி.மீ. ஆரமுள்ள முழு உருண்டையாக வைத்துப் போடும் எளிய கணக்கில் ஹீத்ரோ–நியூயார்க் சுமார் 5,540 கி.மீ.; இதில் சுமார் 5,554. பயணிக்கு இந்த 14 கி.மீ. ஒரு பொருட்டே இல்லை. ஏமாற்றம் காத்திருப்பது நேரத்தில்தான்.

வேகத்தை மணிக்கு 880 கி.மீ. என்று வைத்து வகுத்தால் ஆறேகால் மணி நேரம் சொச்சம் வரும். ஆனால் நியூயார்க் போகும்போது அட்டவணையில் சுமார் 8 மணி நேரமும், திரும்பும்போது 7 மணி நேரமும் போட்டிருப்பார்கள். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். குளிர்காலத்தில் அது இன்னும் பலமாக அடிக்கும். போதாததற்கு, விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வாயிலில் நிற்பது வரை உள்ளதுதான் அட்டவணை நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் விமானம் வானில் மேலேறுவதும் கீழிறங்குவதும் அதில் அடக்கம். எனவே தூரத்தை வகுத்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் கூட்டுங்கள். எதிர்காற்றுத் திசையென்றால் இன்னும் ஒரு மணி நேரம்.

வான்வெளி மூடப்பட்டால் இந்தக் கணக்கும் செல்லாது. ஹெல்சின்கி–டோக்கியோ மிகக்குறுகிய வழியில் சுமார் 7,800 கி.மீ. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடியபின் ஒன்பதரை மணி நேரப் பயணம் 13 மணி நேரமாக நீண்டது. மேப்பர் வரையும் கோடு இன்றும் ரஷ்யாவின் மேல்தான் போகும். அரசியல் எல்லைகள் அதற்குத் தெரியாது.

டிக்கெட்டில் இருப்பவை இரு முனைகளின் உள்ளூர் நேரங்கள். இரண்டையும் யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிய பிறகே கழியுங்கள். லண்டன்–நியூயார்க் வித்தியாசம் வழக்கமாக 5 மணி நேரம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் பிரிட்டன் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்னே தள்ளுவதால் இடைப்பட்ட வாரங்களில் அது 4 மணி நேரம்தான். அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரையிலும் அப்படியே.