பெயின்ட் அடித்த ரோல் கேஜை நம்பி வண்டியை எடுக்காதீர்கள்

சேஸி, கேபின், எஞ்சின் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து நானே கட்டிய பிக்கப் அது. ஆஃப்ரோடு ஓட்டத்தான் ஆசை. அதனால் ரோல் கேஜ், அதாவது வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூடு, போடச் சொல்லி ஒரு பட்டறையில் விட்டேன். திரும்பி வந்தபோது பார்க்க அட்டகாசமாக இருந்தது. கறுப்பு பெயின்ட் பளபளத்தது, ஒரு கீறல் கிடையாது. இப்போது அந்தக் கேஜ் துண்டு துண்டாக வெட்டி வெளியே கிடக்கிறது. இதே வேலைக்கு வண்டி விடப் போகிறவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு விரிசல். கேபினின் பின்சுவரைத் தாண்டி, சாமான் ஏற்றும் பின்தொட்டியில் இறங்கும் சாய்வுக் குழாயின் காலடியில், பெயின்டில் மயிரிழை போல ஒரு கோடு. பிக்கப்பில் கேபினும் தொட்டியும் சேஸியின் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். மேடுபள்ளத்தில் சேஸி முறுக்கினால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் அசையும். முன்கால்களைக் கேபின் தரையிலும் பின்கால்களைத் தொட்டித் தகட்டிலும் பிடித்துவிட்டால் அந்த அசைவு மொத்தமும் வெல்டிங் மேல்தான் விழும். கேஜ் முழுக்கக் கேபினுக்குள்ளேயே முடிய வேண்டும், அல்லது எல்லாக் கால்களும் சேஸிக்கே இறங்கி, கேபினையும் அதோடு இறுக்க வேண்டும். பிக்கப்புக்குக் கேஜ் போடுகிறவருக்கு இதுகூடத் தெரியவில்லை.

சந்தேகம் வந்தபின் சும்மா இருக்க முடியுமா? சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கூரைக்கும் குழாய்க்கும் நடுவே பார்த்தேன். கீழ்ப்பக்கம் அழகான வெல்டிங். மேல்பக்கம் வழவழவென்று இருந்தது. கத்தி முனையால் சுரண்டினால் சீலன்ட், அதாவது இடைவெளியை அடைக்கும் பசை, நீளமாக உரிந்து வருகிறது. அடியில் வெறும் இடைவெளி. பாதிச் சுற்றுக்குத்தான் வெல்டிங், மீதிக்குச் சீலன்டும் பெயின்டும்! தலைக்கு மேலே இருக்கிற இணைப்பு இது.

அப்புறம் குழாயில் துளை போட்டு அளந்தோம். சுவர் 1.6 மில்லிமீட்டர்கூடத் தேறவில்லை. வெட்டியபோது உள்ளே நீளவாக்கில், தகட்டைச் சுருட்டி ஒட்டிய தையல் தழும்பு. நாற்காலிக்கும் கேட்டுக்கும் போடுகிற சாதாரணக் குழாய். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி மெயின் ஹூப் (இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவு) தையல் இல்லாத ஒரே குழாயாக, குறைந்தது 45 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2.5 கனமாகவோ 50 விட்டத்துக்கு 2 கனமாகவோ இருக்க வேண்டும். என் வண்டி எஃப்ஐஏ போட்டிக்குப் போகவில்லைதான். ஆனால் 'சீம்லெஸ் (தையல் இல்லாத குழாய்) போடுறோம்' என்று சொல்லித்தானே பணம் வாங்கினார்கள்?

தரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதே விதிப்படி முன் ஹூப், மெயின் ஹூப் இரண்டின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனத்தில், 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத இரும்புத் தகடு வேண்டும், குறைந்தது மூன்று போல்ட்டும் வேண்டும். எனக்கு இருந்தது இரண்டு போல்ட், வட்ட வாஷர். கவிழ்ந்தால் கால் மெல்லிய தகட்டைக் கிழித்துக்கொண்டு கீழே போயிருக்கும்.

பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுறோம், இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல" என்கிறார். கவிழ்ந்தவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள் என்ற தைரியம் போல. கடைசியில் மறுபடி பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார். அதைக் கேட்டபின்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

வண்டி விடுமுன் இந்த ஒரு கேள்வி கேளுங்கள்: கூரையை ஒட்டி இருக்கிற இணைப்பின் மேல்பக்கம் எப்படி வெல்டிங் செய்வீர்கள்? வேலை தெரிந்தவர் உடனே சொல்வார். கேபின் தரையில் ஓட்டை போட்டுக் கேஜைக் கீழே இறக்கி வெல்டிங் முடித்து மறுபடி தூக்குவார்கள், அல்லது கூரைத் தகட்டையே வெட்டிக் கழற்றுவார்கள். மழுப்பினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். குழாய் வாங்கிய பில்லையும், வெட்டி மிஞ்சிய துண்டையும் கேளுங்கள். துண்டின் கனத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து நீங்களே பாருங்கள். முக்கியமாக, நீங்கள் பார்க்காமல் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பெயின்டுக்குள் போனபின் நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை. வெட்டிய துண்டுகளைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கிறேன். வேறொருவர் கூரையைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.