ஈம், லாக்ஸ்டன்: ஒரு நாளுக்கு எந்தக் கிராமம்?

இங்கிலாந்தின் பழைய கிராமம் ஒன்றைப் பார்க்க ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் பலரும் டெர்பிஷயரின் ஈம் கிராமத்தைச் சொல்வார்கள். (தமிழ்க் காதுக்கு ஈமம் நினைவுக்கு வரும், தற்செயல்தான், ஆனால் பொருத்தம்.) 1665 செப்டம்பரில், லண்டன் துணிப்பொதியில் இருந்த தெள்ளுப்பூச்சிகளோடு கொள்ளைநோய் வந்தது என்பது ஊர்க்கதை. மறு ஆண்டு ஜூனில் ஊர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. அதற்கு மக்களை இணங்கவைத்தவர்கள் இருவர்: பதவியிலிருந்த குருவானவர் வில்லியம் மொம்பெசன், தேவாலய வழிபாட்டை ஒரே முறைக்குக் கொண்டுவந்த 1662-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பணிய மறுத்துப் பதவியை இழந்த தாமஸ் ஸ்டான்லி. ஆராதனை வெட்டவெளிப் பள்ளத்தாக்குக்கு மாறியது. நோய் தொற்றாதிருக்க எல்லைக்கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி, உணவுக்கான காசைப் போட்டார்கள். வெளியூரார் உணவை வைத்துவிட்டுப் போனார்கள். மாண்டவர்கள் சுமார் 260 பேர். எலிசபெத் ஹான்காக் என்ற பெண், எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார்.

நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டனில் இப்படிக் கண்கலங்கவைக்கும் கதை எதுவும் இல்லை. இருப்பது வயல். நிலத்தை வேலியடைத்துத் தனித்தனிப் பண்ணைகளாக்கும் அலை நாடு முழுதும் அடித்தபோதும், மூன்று பெருவயல்களை உழவர்கள் பட்டை பட்டையாகப் பகிர்ந்து பயிரிடும் இடைக்கால முறை இங்கே தப்பிப் பிழைத்தது. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, மற்றொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு, ஆண்டுதோறும் சுற்றிவரும். 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த இவ்வூரின் நிலப்படம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

குளிர்காலத் தொடக்கத்தில் உழவர்களிலிருந்தே தேர்ந்த நடுவர் குழு கோதுமை வயலைச் சுற்றிவந்து, எல்லைக்கு முளையடிக்கும். பொதுப் புல்தரையை உழுது தின்றவருக்கு அபராதம். வழக்கைக் கேட்கும் ஊர்மன்றம் கூடும் இடம் மதுக்கடை! 1977-இல் நாடாளுமன்றம் இத்தகைய ஊர்மன்றங்களின் அதிகாரத்தைப் பறித்தபோது லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்களித்தது. வரப்புச் சண்டையை நேரில் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

காட்சிக்கு ஈம்தான் முந்தும். வீட்டு வாசல்களிலேயே இறந்தவர்களின் பெயர்ப்பலகைகள், தேவாலய முற்றத்தில் ஆங்கிலோ-சாக்சன் காலக் கற்சிலுவை. லாக்ஸ்டனில் விவரம் தெரியாமல் இறங்கினால் வெறும் கோதுமைதான் தெரியும். ஆனாலும் என் ஓட்டு லாக்ஸ்டனுக்கே. ஈம் மக்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு சில மாதங்களில் முடிந்து நினைவுச்சின்னமாகிவிட்டது. லாக்ஸ்டனில் இன்றும் முளையடிக்கிறார்கள்.