சர்க்கரை புரோப்: சில வருடம் புழங்கிய பிறகு

பீடோங் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. பலாக்கொட்டை, நிலக்கடலை, சிறகவரை என்று வீட்டுக் கொல்லையில் கிடைக்கிற விதைகளிலிருந்து லெக்டின் என்கிற, சர்க்கரையைப் பிடிக்கும் புரதத்தைப் பிரித்து, அது எந்தச் சர்க்கரையைப் பிடிக்கிறது என்று பார்ப்போம். அதற்குச் சர்க்கரையும், அடையாளம் காட்டப் பயோட்டின் என்ற வைட்டமினும் ஒட்டிய பாலிஅக்ரிலமைடு பாலிமர் இழைகளை, அதாவது புரோப்களை, சில வருடமாகப் பயன்படுத்துகிறேன். தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கச் சர்க்கரை ஒட்டாத அதே பாலிமரையும் சேர்த்து வாங்காவிட்டால் பாதிக் காசு தண்டம்.

ஒற்றைச் சர்க்கரை மீது லெக்டினின் பிடி ரொம்பத் தளர்வு. வாளவரையில் கிடைக்கும் கான்கனவலின் ஏ என்ற லெக்டின், மேனோஸ் சர்க்கரையின் ஒரு வகையான மெத்தில் மேனோசைடைப் பிடிப்பதே ஏறக்குறைய 100 மைக்ரோமோலார் அளவில்தான், ஒரு கழுவலில் போய்விடும். புரோப்பில் ஒரே இழையில் வரிசையாகச் சர்க்கரை தொங்குவதால் ஒரு இடத்தில் விட்டாலும் இன்னொரு இடத்தில் பிடித்துக்கொள்கிறது, மூன்று நான்கு கழுவலையும் தாங்குகிறது. அதே காரணத்தால், நிறம் அடர்த்தியாக வந்துவிட்டதே என்று அதை வைத்துப் பிணைப்பின் பலத்தைக் கணக்குப் போட முடியாது. எதை விரும்புகிறது, எதை ஒதுக்குகிறது என்று வரிசைப்படுத்தலாம், அவ்வளவுதான். பலம் தெரிய வேண்டுமென்றால் பிணைப்பின் வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டர் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

போன பருவத்தில் ஒரு மாணவி தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர், புரோப்பே போடாத குழியிலும் நீலம் வருது பாருங்க." வரத்தான் செய்யும். பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்தோடு, நிறம் காட்ட ஒட்டியிருந்த ஹார்ஸ்ரேடிஷ் பெராக்சிடேஸ் நொதியிலேயே மேனோஸ் இருக்கிறது, கான்கனவலின் ஏ அதை நேராகவே பிடித்துக்கொள்ளும். ஸ்ட்ரெப்டாவிடினுக்குப் பதில் போடும் முட்டை வெள்ளைக்கரு அவிடினிலும் இதே தொல்லை. மேனோஸ் பிடிக்கும் லெக்டின் என்றால் நாங்கள் இப்போது ஒளிரும் சாயம் ஒட்டிய ஸ்ட்ரெப்டாவிடின்தான் போடுகிறோம். அதில் சர்க்கரை கிடையாது. அதோடு மெத்தில் மேனோசைடை அள்ளிப் போட்டு, ஒளி அடங்குகிறதா என்றும் பார்ப்போம். அடங்காவிட்டால் அது சர்க்கரைப் பிணைப்பே இல்லை.

பஃபர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கான்கனவலின் ஏ வேலை செய்யக் கால்சியமும் மாங்கனீசும் வேண்டும், பாஸ்பேட் பஃபரோ கால்சியத்தை வீழ்படிவாக்கிவிடும். டிரிஸ் போதும். குழியில் காலியாக இருக்கும் இடத்தை அடைக்கப் பால்பவுடர் போடுகிறார்கள் சிலர், அதில் பயோட்டினும் உண்டு, சர்க்கரை ஒட்டிய புரதமும் உண்டு, அப்புறம் எப்படி உருப்படும்?

விலை சுடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். பொடியாக வருவதால் இவ்வளவு தூரம் கெடாமல் வந்து சேர்கிறது. உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறக்காதீர்கள், இந்த ஊர் ஈரக்காற்றில் பொடி கட்டியாகிவிடும். அறைச்சூடு வந்த பிறகு திறந்து, கரைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வைத்தால் வெகுநாள் வரும்.